நகச்சொத்தையும் உளூவின் தண்ணீரும்

ஒரு நாளைக்கு ஐந்து வேளை பாதங்களைக் கழுவுகின்ற மக்கள் நாம். கணுக்கால் வரை தண்ணீர் பட வேண்டும், குதிகால் நனையாமல் விட்டுப்போகக் கூடாது, விரல் இடுக்குகளைக் கோதிவிட வேண்டும் என்றெல்லாம் மக்தபில் ஓதும் வயதிலேயே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் நம் வீட்டுப் பெரியவர்களின் கால் பெருவிரலைச் சற்றுக் குனிந்து பார்த்தால், மஞ்சள் பூத்து, தடித்து, ஓரம் பொடிந்துபோன நகங்கள் பலவற்றைக் காணலாம். "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரு சொல்லால் அதனை மூடிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

அதற்குப் பெயர் உண்டு. நகச்சொத்தை என்பார்கள். நகத்தில் உண்டாகும் பூஞ்சைத் தொற்று அது. பெரும்பாலான கால் நகச்சொத்தைக்குக் காரணம் ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்னும் பூஞ்சை. விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணையும் உடலில் படர்தாமரையையும் உண்டாக்குகிற அதே கூட்டத்தைச் சேர்ந்தது. நகமும் தோலின் மேற்பரப்பும் கெராட்டின் என்ற ஒரே பொருளால் ஆனவை. அந்தக் கெராட்டினே இப்பூஞ்சைக்கு உணவு. எனவே பலருக்கு முதலில் விரலிடுக்கில் அரிப்பும் வெள்ளையாய்த் தோல் ஊறி உரிவதும் தோன்றும். அதனைப் பொருட்படுத்தாமல் விட்டால், நகத்தின் நுனி அல்லது பக்க ஓரம் வழியாகப் பூஞ்சை உள்ளே புகுந்து, மெல்ல மெல்ல வேரை நோக்கி நகரும். வலி இராது, காய்ச்சல் வராது. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் ஒருவரும் அதை நோயென எண்ணுவதில்லை.

கை நகங்களின் கதை சிறிது வேறு. மீன் அலம்பி, பாத்திரம் துலக்கி, நாள் முழுதும் தண்ணீரிலேயே கைகளை வைத்திருக்கும் நம் பெண்களுக்கு நகத்தைச் சுற்றியுள்ள தோல் வீங்கிச் சிவந்து, பிறகு நகமும் நிறம் மாறுவதுண்டு. அங்கே பெரும்பாலும் கேண்டிடா என்ற வேறொரு வகைப் பூஞ்சை சேர்ந்திருக்கும். அதற்கு முதல் மருந்து கைகளை ஈரத்திலிருந்து காப்பதே. இக்கட்டுரையில் நாம் விரித்துப் பேச விரும்புவது கால் நகங்களைப் பற்றி.

"அப்படியென்றால் ஐவேளை உளூச் செய்வதால்தான் இது வருகிறதா?" என்று ஒரு சகோதரர் எங்களிடம் கேட்டார். தண்ணீர் படுவதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நனைந்த பாதம் காயாமல், அந்த ஈரத்தோடே காலுறைக்குள்ளும் காலணிக்குள்ளும் அடைபடுவதுதான் பூஞ்சைக்குப் பிடித்தமான நிலை. அலுவலகத்தில் லுஹர் தொழுகைக்கு உளூச் செய்துவிட்டு, சொட்டச் சொட்ட அப்படியே காலுறையை மாட்டிக்கொண்டு ஓடுகிறோம் அல்லவா, அந்த அரை நிமிட அவசரம்தான் கவனிக்கத் தக்கது. வளைகுடா நாடுகளில் கடும் வெயிலில் கனத்த பாதுகாப்புக் காலணிகளோடு நாள் முழுதும் நின்று உழைத்துவிட்டு, விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் பிள்ளைகளின் கால்களைப் பார்த்தாலே இது விளங்கும்.

விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. கால் விரல்களின் இடைவெளியை அவர்கள் தமது சுண்டுவிரலால் தேய்த்ததைக் கண்டதாக முஸ்தவ்ரித் இப்னு ஷத்தாத் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அந்த ஸுன்னத்தைப் பேணுகிறவர் நாள்தோறும் தம் விரலிடுக்குகளைத் தொட்டறிகிறார். தோல் உரிந்தால், புண் கண்டால், முதல் நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். நாம் அதைச் செய்யாமல் குழாயடியில் காலை நீட்டி எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். உளூவுக்குப் பின் உறுப்புகளைத் துடைக்காமல் விடுவதே சிறப்பென்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் காணப்படுவதை முன்வைத்துச் சிலர் துடைக்கத் தயங்குவார்கள். தேவை இருக்கும்போது துடைப்பதில் குற்றமில்லை என்பதும் அதே நூல்களில்தான் இருக்கிறது. சேற்றுப்புண் உள்ளவருக்கு இதைவிடத் தெளிவான தேவை எது?

எங்கள் உம்மாவுக்கு இந்நோய் இருப்பது, அவர்களுக்கு நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்தே வெளிச்சத்துக்கு வந்தது. வீட்டிலும் காலுறையோடு இருக்கத் தொடங்கியிருந்தார்கள். குளிர் என்றார்கள், எங்கள் ஊரில் குளிரா என்று நாங்கள் சிரித்தோம். ரமளானில் பெண்களுக்கான தராவீஹ் நடக்கும் மதரஸாவுக்குப் போவதை நிறுத்தினார்கள். முழங்கால் வலி என்றார்கள். உண்மை என்னவென்றால், வரிசையில் பாதத்தோடு பாதம் சேர்த்து நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் தம் விரலைப் பார்த்து முகஞ்சுளித்து விலகிவிடுவாரோ என்ற கூச்சம். இதை எங்கள் லாத்தாவிடம் மட்டும், அதுவும் ஒரு நள்ளிரவில், சொல்லியிருக்கிறார்கள்.

வேறொன்றும் இருந்தது. தொழுகையின் இருப்பில் வலது பாதத்தை நிமிர்த்தி, விரல்களைக் கிப்லாவை நோக்கி மடக்கி உட்காருகிறோம். தடித்துப்போன பெருவிரல் நகம் அப்போது சதையை அழுத்தும். உம்மா பாதத்தைச் சாய்த்துப் போட்டுக்கொண்டார்கள். பிறகு நாற்காலிக்கு மாறினார்கள். முழங்காலே காரணம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதையே அவர்களும் எங்களை நம்ப வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட எங்கள் மனத்தை உலுக்கியது அவர்களுடைய ஊக்குதான். முந்தானையில் குத்தியிருக்கும் சிறு ஊக்கை எடுத்து, ஒவ்வோர் உளூவிலும் பெருவிரல் நகத்துக்கு அடியில் சேர்ந்திருக்கும் மாவு போன்ற பொடியைத் தோண்டி எடுப்பார்கள். அடியில் தண்ணீர் சேராவிட்டால் உளூ கூடாது, உளூ இல்லையேல் தொழுகை இல்லை என்ற அச்சம். ஒரு நாளைக்கு ஐந்து முறை தோண்டினால் நகம் என்ன ஆகும்? நகத்துக்கும் அதன் அடிச்சதைக்கும் உள்ள பிடிப்பு விட்டு, இடைவெளி பெருகும். அந்த இடைவெளியில் இன்னும் ஈரம் தங்கும்; இன்னும் பூஞ்சை வளரும். மேலும் நீண்டகால நீரிழிவினால் பாதத்தின் உணர்வு மங்கியிருந்ததால், ஊக்கு சதையில் ஏறினாலும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு ஃபஜ்ர் வேளையில் தொழுகை விரிப்பில் கண்ட இரத்தக்கறைதான் எங்களை மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது.

நீரிழிவு உள்ளவர்களின் குடும்பத்தார் இவ்விடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். உணர்வு குன்றிய பாதத்தில் தடித்த நகம் என்பது காலணிக்குள் நுழைந்த கல்லுக்குச் சமம். அது பக்கத்து விரலையும் தன் அடியிலுள்ள சதையையும் ஓயாமல் அழுத்திப் புண்ணாக்கும். பூஞ்சையால் வெடித்த தோல் வழியாகப் பாக்டீரியா கிருமிகள் புகுந்து கால் வீங்கிச் சிவக்கலாம். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அத்தகைய புண் ஆறுவது அரிது. விரலையே எடுக்கும் நிலைக்கும் அது கொண்டுசெல்லக்கூடும். ஆகவே மற்றவர்களுக்கு அழகுக்குறை என்ற அளவில் இருப்பது, நீரிழிவு உள்ளவருக்கு அப்படியன்று. உம்மாவின் காயம் மேலோட்டமாக இருந்ததால் இரண்டு வாரங்களில் ஆறியது. அல்ஹம்துலில்லாஹ்.

ஊக்கைப் பற்றி எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். அவர்கள் சொன்ன விடை எளிமையானது: "அந்தப் பொடி வெளியிலிருந்து வந்து ஒட்டிய பொருளில்லை, நகத்திலிருந்தே உண்டானது. அதைத் தோண்டச் சொல்லி மார்க்கம் கேட்கல. மேலே தண்ணீர் ஓடினால் போதும்னு உங்க உம்மாகிட்ட சொல்லுங்க. காயப்படுத்திக்கிறதுதான் கூடாது." உம்மா அதை நம்பாமல், ஹஜ்ரத் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துத் தம் காதாலேயே கேட்டுக்கொண்டார்கள். அன்றோடு அந்த ஊக்கு முந்தானைக்கே திரும்பியது. மருந்துக்கு முன்னால் கிடைத்த முதல் நிவாரணம் அதுதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

தோல் மருத்துவர் செய்த முதல் வேலை மருந்தெழுதுவது அல்ல. நகத்தை வெட்டி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். உருக்குலைந்த நகங்கள் எல்லாம் பூஞ்சையால் வந்தவை அல்ல. ஏறத்தாழ பாதியளவே பூஞ்சைத் தொற்று என்பது மருத்துவ நூல்களில் பரவலாகச் சொல்லப்படுவது. சொரியாசிஸ், இறுக்கமான காலணியால் பட்ட அடி, முதுமை, லைக்கன் பிளேனஸ் முதலிய பலவும் அதே தோற்றத்தைத் தரும். எங்கள் சாச்சி ஒருவர் எட்டு மாதங்கள் பூஞ்சை மருந்து பூசிப் பயன் காணாமல், பிறகு பரிசோதித்தபோது அது சொரியாசிஸ் என்று தெரிந்தது. எட்டு மாதங்களின் பணமும் பொறுமையும் வீண்.

பரிசோதனையில் சிக்கல் ஏதுமில்லை. நகத்தின் அடிப்பொடியைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இழைகள் இருந்தால் தெரியும். எந்த வகைப் பூஞ்சை என்று அறிய அதை வளர்த்துப் பார்க்க நான்கு வாரங்கள் வரை ஆகும். வெட்டிய நகத்துண்டுக்குச் சாயமேற்றி நோய்க்குறியியல் ஆய்வு செய்வதும் உண்டு. முதல் முறையில் ஒன்றும் தெரியாமல் போவதும் சகஜம்; அப்போது மறுபடியும் மாதிரி எடுப்பார்கள். முன்னரே பூஞ்சைக் களிம்பு பூசிக்கொண்டு சென்றால் முடிவு பிழைபட வாய்ப்புண்டு என்பதால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நகத்தில் அப்பியிருக்கும் மருதாணியும் அப்படித்தான். நகத்தின் உண்மை நிறத்தை அது மறைத்துவிடும். பெருநாளுக்கு முந்தைய இரவு இட்ட மருதாணியோடு மருத்துவரிடம் போனால் அவர் என்ன பார்ப்பார்?

இனி மருந்துகள். 1950களின் இறுதியில் கிரிசியோஃபுல்வின் என்ற மாத்திரை வந்தது. கால் நகத்துக்கு அதை ஓராண்டுக்கும் மேலாக விழுங்க வேண்டியிருந்தது; அப்படியும் பலருக்குக் குணமில்லை. நம் பெரியவர்களிடையே நகச்சொத்தை தீராது என்ற எண்ணம் வேரூன்றியதற்கு அந்தக் காலத்து அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்று முதன்மையாகக் கொடுக்கப்படுவது டெர்பினாஃபின். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. கை நகத்துக்கு 6 வாரங்கள், கால் நகத்துக்கு 12 வாரங்கள். தொடங்குமுன் கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்வார்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இம்மாத்திரை ஆகாது. சிலருக்குச் சில வாரங்கள் நாவின் சுவை மங்கும்; சில மனச்சோர்வு மருந்துகளோடும் மெட்டோப்ரோலால் போன்ற சில இரத்த அழுத்த மருந்துகளோடும் முரண்படும். எனவே உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். உம்மாவின் பையில் பதினொரு அட்டைகள் இருந்தன.

இன்னொன்று இட்ராகோனசோல். மாதத்தில் ஒரு வாரம் மட்டும் காலையும் மாலையும் 200 மில்லிகிராம் உட்கொண்டு, மூன்று வாரங்கள் விடுவது ஒரு முறை. கால் நகத்துக்கு மூன்று சுற்றுகள். இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில ஸ்டாட்டின் மருந்துகளோடு சேர்ந்தால் தீங்கு. உணவோடு உட்கொள்ள வேண்டும். வயிற்றின் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இதன் பலனைக் குறைக்கும். மேலும் இது பெரும்பாலும் கேப்சூலாக வருவதால், ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று நம் மக்கள் கேட்பார்கள், கேட்பது நியாயமே. டெர்பினாஃபின் மாத்திரையாகவே இருப்பதால் அக்கேள்வி எழுவதில்லை. ஒரு நாளைக்கு ஒரே வேளை என்பதால் ரமளானிலும் இஃப்தாருக்குப் பின் விழுங்கிக்கொள்ளலாம். பழைய மருந்துச் சீட்டுகளில் காணப்படும் கீட்டோகோனசோல் மாத்திரையை மட்டும் நகத்துக்காக யாரும் உட்கொள்ள வேண்டாம். கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதனை இத்தகைய நோய்களுக்குக் கொடுக்க வேண்டாமென எச்சரித்தது.

மாத்திரை உட்கொள்ள இயலாதவர்களுக்கும், ஓரிரு நகங்களின் நுனி மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் நகப்பூச்சு வடிவில் மருந்துகள் உள்ளன. அமோரோல்ஃபின் 5 சதவீதப் பூச்சை வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை, நகத்தை அரத்தால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதங்கள். சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதப் பூச்சை நாள்தோறும் பூசி, வாரத்துக்கொருமுறை துடைத்தெடுக்க வேண்டும், 48 வாரங்கள். தடித்த நகத்துக்குள் மருந்து இறங்குவது கடினம் என்பதால் இவற்றின் பலன் மாத்திரையைவிடக் குறைவு. சைக்ளோபிராக்ஸ் மட்டும் பூசியவர்களில் நகம் முற்றிலும் தெளிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு என்றே அம்மருந்தின் ஆய்வுகள் காட்டின.

இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய கேள்வி பிறக்கிறது. நகப்பூச்சு பூசினால் தண்ணீர் நகத்தைத் தொடாது, உளூ கூடாது என்று நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம். அப்படியிருக்க, ஒரு வாரம் அழியாமல் இருக்கும் மருந்துப் பூச்சை என்ன செய்வது? எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் ஒரு மூத்த சகோதரி ஒவ்வொரு தொழுகைக்கு முன்பும் அதை அழித்தெறிந்து, இஷாவுக்குப் பின் மீண்டும் பூசினார். நாளொன்றுக்கு நான்கு முறை கரைசல் தொட்டு நகமும் தோலும் வெந்துபோயின. வேறொருவர் மருந்தே வேண்டாமென விட்டுவிட்டார். இருவருடைய இறையச்சத்தையும் நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இருவருமே ஓர் ஆலிமிடம் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், இது புதிய கேள்வி அல்ல என்று அறிந்திருப்பார்கள். நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹனஃபீ நூலான நூருல் ஈளாஹில், நகம் உடைந்து அதன்மீது மருந்தோ பிசினோ வைத்துக்கொண்டவர், அதை அகற்றுவது தீங்கு தருமானால் மேலே ஈரக்கையால் தடவிக்கொள்ளலாம் என்றும், தடவுவதும் தீங்கானால் அதையும் விட்டுவிடலாம் என்றும் சட்டம் சொல்லப்பட்டிருக்கிறது. அந்நூலாசிரியர் ஷுருன்புலாலீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 1069இல் மறைந்தவர்கள். நகத்தில் பிசின் வைத்தவரின் உளூவைப் பற்றி ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே அமர்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு வியப்பாகவும் ஆறுதலாகவும் இருந்தது. காயத்தின் மீதுள்ள கட்டுக்குரிய சட்டம் என்று ஃபிக்ஹில் தனிப்பகுதியே உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் நுணுக்கங்கள் கூடுதல்: இயன்ற பகுதியைக் கழுவுதல், கட்டின் மேல் தடவுதல், அத்துடன் தயம்மும், மேலும் அந்தக் கட்டு சுத்தமான நிலையில் போடப்பட்டதா என்பதும் கணக்கில் வரும். எனவே எங்கள் ஹஜ்ரத் இப்படிச் சொன்னார்கள்: மருத்துவர் ஒப்புக்கொண்டால் மாத்திரையே சிக்கலற்ற வழி, பூச்சுத்தான் வேண்டுமென்றால் உளூவோடு இருக்கும்போது, நோயுற்ற நகத்தில் மட்டும், தேவையான அளவு பூசிக்கொள்ளுங்கள், எஞ்சியதை உங்கள் மத்ஹபை அறிந்தவரிடம் நேரில் கேளுங்கள்.

அழகுக்காகப் பூசும் வண்ணப்பூச்சுக்கு இதை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம். படலம் படியாத திரவ மருந்துகளும் இருக்கின்றன. எஃபினாகோனசோல், டவபோரோல் என்ற இரண்டு திரவங்களுக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அத்தகையது கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. தொழுகைக்காகக் கேட்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னால் பெரும்பாலான மருத்துவர்கள் புரிந்துகொள்கிறார்கள். உம்மாவின் மருத்துவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர், ஆயினும் உளூவைப் பற்றி அவரே முதலில் கேட்டார்.

உம்மாவுக்கு டெர்பினாஃபின் கொடுக்கப்பட்டது. தடித்த நகத்தை மென்மையாக்க 40 சதவீத யூரியாக் களிம்பும் தந்து, இளகிய பகுதியை மருத்துவமனையிலேயே தேய்த்துக் குறைத்தார்கள். அதன் பிறகு தொடங்கியதுதான் இச்சிகிச்சையின் உண்மையான சோதனை: காத்திருத்தல். கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். கால் பெருவிரல் நகமோ ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர்தான், முதியவர்களுக்கு இன்னும் குறைவு. மருந்து பழைய நகத்தைச் சீராக்குவதில்லை. வேரிலிருந்து புதிய நகம் தெளிவாக முளைத்து, பழையதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதற்கு 12 முதல் 18 மாதங்கள் ஆகும்.

12 வாரங்கள் முடிந்து மாத்திரை நிறுத்தப்பட்ட அன்று உம்மாவின் நகம் பார்வைக்கு அதே மஞ்சள் நகந்தான். "காசு போச்சு" என்றார்கள். பலர் இவ்விடத்தில்தான் கைவிடுகிறார்கள். சிலர் மூன்றாம் வாரத்திலேயே. ஆனால் மருந்து நகத்துக்குள் தங்கி, நிறுத்திய பின்னும் பல மாதங்கள் வேலை செய்கிறது. தோல் நகத்தோடு சேருமிடத்தில் கால் அங்குலத்துக்கும் குறைவாக ஓர் இளஞ்சிவப்புப் பட்டை தெரிந்தது. எங்கள் தம்பி அதன் எல்லையில் மெல்லிய கோடு ஒன்றை அரத்தால் கீறிவிட்டார். மருத்துவர் சொல்லிக்கொடுத்த உத்தி. அந்தக் கோடு மாதந்தோறும் நுனியை நோக்கி நகர்ந்தது. பேத்திகள் ஒவ்வொரு பிறை முதல் நாளிலும் அளவுகோல் வைத்து அளந்து நாட்காட்டியில் எழுதினார்கள். கோட்டுக்குப் பின்னால் மஞ்சள் தொடரவில்லை என்றால் மருந்து வென்றது என்று பொருள்.

எல்லோருக்கும் வெல்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டெர்பினாஃபின் மாத்திரையின் குறிப்பேட்டிலுள்ள ஆய்வுக் கணக்கின்படி, கால் நகத்துக்கு 12 வாரங்கள் உட்கொண்டவர்களில் 70 சதவீதத்தினருக்குப் பூஞ்சை ஒழிந்தது. பூஞ்சையும் ஒழிந்து நகமும் முற்றிலும் இயல்பானவர்கள் 38 சதவீதம். குணமானவர்களுக்கும் மீண்டும் வருவதுண்டு. மிக முதியவர்கள், கல்லீரல் நோயாளிகள் போன்றோருக்கு நகத்தை ஒழுங்காகக் குறைத்துக்கொண்டு, தோலைக் காத்துக்கொண்டு, மருந்தின்றியே இருக்கலாம் என்று மருத்துவர் சொல்வதும் ஒரு நேர்மையான தீர்ப்பே. லேசர் சிகிச்சைக்குப் பெருந்தொகை கேட்கும் இடங்கள் உண்டு. மாத்திரைக்கு இருக்கும் அளவு ஆய்வுச் சான்று அதற்கு இல்லை.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். வினிகர், பூண்டு, தைலம், மருதாணி எல்லாம் எங்கள் தெருவிலும் பரிந்துரைக்கப்பட்டன. மருதாணியின் சாறு ஆய்வுக்கூடத் தட்டில் சில பூஞ்சைகளை அடக்கும் என்பதால் நகத்துக்கு அடியில் இருப்பதையும் அது அழிக்கும் என்று ஆகிவிடாது. ஆயினும் இவற்றால் பெருங்கேடில்லை. கேடு விளைவிப்பது மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் கலவைக் களிம்பு. பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்த அக்களிம்பு ஒரு நாளில் அரிப்பை அடக்கும், பூஞ்சையோ பரவும். குழாயின் மீது குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள்.

நகம் வெட்டுவதை 40 நாட்களுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாதென்று நமக்கு வரையறை இருக்கிறது. வெட்டும் முறையையும் சேர்த்துக் கற்றுக்கொள்வோம்: கால் நகத்தை நேர்க்கோடாக வெட்ட வேண்டும், மூலைகளைத் தோண்டக் கூடாது, நீரிழிவு உள்ளவர் பிளேடைத் தொடவே கூடாது. வீட்டுக்கு ஒரே நகவெட்டி என்ற வழக்கத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம். நோயுள்ளவருக்குத் தனி நகவெட்டி, தனித் துண்டு, தனிக் குளியலறைச் செருப்பு. வெட்டிய நகங்களை மண்ணில் புதைக்கும் பழைய வழக்கம் உம்மாவிடம் உண்டு. அதைத் தொடரச் சொன்னோம். பூஞ்சை நகத்துக்கு அது மிகவும் பொருத்தம். காலுறைகளைச் சுடுநீரில் துவைத்து, காலணிகளை மாற்றி மாற்றி வெயிலில் காயவைக்கிறோம். வீட்டில் ஒருவருக்குச் சேற்றுப்புண் இருந்து மற்றவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அது சுற்றிச் சுற்றி வரும் என்பதால், தம்பியின் விரலிடுக்கும் சேர்த்தே மருந்திடப்பட்டது.

பள்ளிவாசல்களின் உளூச் செய்யுமிடங்களில் ஊறிக் கிடக்கும் பொதுச் செருப்புகளைப் பற்றியும் நிர்வாகிகளிடம் பேசலாம். எங்கள் ஜமாஅத்தில் பேசினோம். இப்போது ரப்பர் செருப்புகள் கழுவப்பட்டு லுஹருக்கு முன் வெயிலில் வரிசையாகக் காய்கின்றன. ஹவுளுக்குப் பக்கத்தில் முதியவர்கள் உட்கார்ந்து கால் துடைத்துக்கொள்ள ஒரு பலகை போடப்பட்டிருக்கிறது. துண்டு மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

சென்ற ரமளானில் உம்மா காலுறையின்றி தராவீஹுக்குப் போனார்கள். முழங்கால் வலி உண்மையாகவே இருப்பதால் நாற்காலி தொடர்கிறது. பெருவிரல் நகம் பதினாறாம் மாதத்தில் தெளிந்தது. இடது காலின் சுண்டுவிரல் நகத்தில் இன்னும் ஓரமாய் மஞ்சள் இருக்கிறது. அதற்கு மறுபடியும் மாதிரி எடுத்துப் பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.